அருவி அண்ணாச்சியும் எங்கள் வீட்டு ஷவரும்

எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் தண்ணீருக்குப் பயப்படாத ஆள் கிடையாது. மழை வராமல் போய்விடுமோ என்று பயப்படுவோம். போர் வற்றிவிடுமோ என்று பயப்படுவோம். லாரிக்காரர் நம் தெருவை மறந்து பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்துவிடுவாரோ என்று பயப்படுவோம். ஆனால் தண்ணீரே ஒரு மனிதரைக் கண்டு பயந்தது என்றால், அது எங்கள் தெருமுனையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் அருவி அண்ணாச்சி ஒருவரைக் கண்டுதான். அவர் உள்ளே நுழைந்தால் அந்த வீட்டுக் குழாய்கள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் வைக்கும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து எந்தக் குழாயை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அருவி என்ற பெயர் குற்றாலத்தால் வந்தது. சீசன் ஆரம்பித்துவிட்டது என்று காதில் விழுந்ததும் கடையைப் பூட்டிவிட்டு வேனில் ஏறிவிடுவார். கூடப் போனவர்கள் எல்லாம் குளித்து, சாப்பிட்டு, பழக்கடையில் பேரம் பேசி முடித்துத் திரும்பினாலும் இவர் அருவிக்கடியிலேயே நிற்பார். போலீஸ்காரர் முதலில் விசில் ஊதுவார், பிறகு கையைப் பிடித்து இழுப்பார், கடைசியில் கெஞ்சுவார். ஊருக்குத் திரும்பியதும் அண்ணாச்சி சில நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதற்கு என்னிடம் ஒருமுறை காரணம் சொன்னார்.

"மேல இருந்து தண்ணி விழணும் தங்கச்சி. அதுக்குப் பேருதான் குளிக்கிறது. நாமளா மோந்து நாமளா ஊத்திக்கிட்டா அது கழுவுறது. பானை சட்டியையும் அப்படித்தான கழுவுறோம்?"

இதைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். வெயில்தான் இருந்தது.

"ஊருக்கு மழை பெய்ய வைக்க என்னால ஏலாது. அது அவன் கையில இருக்கு. ஆனா ஒரு வீட்டு பாத்ரூமுக்குள்ள மட்டும் பெய்ய வைக்க முடியுமா முடியாதா?"

அவருடைய வாழ்க்கை லட்சியம் அவ்வளவுதான். இந்தக் கரிசல் காட்டில் எந்த வீட்டிலும் ஷவர் சொட்டக் கூடாது, கொட்ட வேண்டும். அவர் பிளம்பர் அல்ல. பிளம்பிங் படித்தவரும் அல்ல. மற்றவர்கள் வெற்றிலைப் பையைச் சொருகிக்கொள்ளும் இடுப்பில் அவர் பைப்பைத் திருகும் ரிஞ்சைச் சொருகியிருப்பார். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பு இருக்கும். ஆள் வருவதற்கு முன்னாலேயே கடலைப் புண்ணாக்கு வாசனை வந்து அவர் வருகையை அறிவித்துவிடும்.

பாலவனத்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சியைக் காணோம். மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டுக் குளியலறையில் ஷவரைக் கழற்றிப் பல்குச்சியால் அதற்குப் பல் விளக்கிவிட்டுக்கொண்டிருந்தார். குளிக்க வந்த மாப்பிள்ளை துண்டோடு வெளியே நின்று தவித்தார். பெண்வீட்டார் கூடிவந்து சத்தம் போட்டார்கள். "ரெண்டு நிமிசம் பொறுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை குளிக்கப் போனார் பாருங்கள், வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டார்! ஐயர் மந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சொல்லி நேரத்தைக் கடத்த, மைத்துனன் போய்க் கதவைத் தட்டித்தான் மாப்பிள்ளையைத் தாலி கட்டக் கூட்டிவர வேண்டியிருந்தது.

துட்டி வீட்டுக்குப் போனாலும் அவருக்கு அந்த நினைப்புத்தான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை மனதாரச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு தாழ்ந்த குரலில், "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்பார். சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் தலை முழுக வேண்டுமே, அதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம். அதைக் குற்றம் சொல்லவும் யாருக்கும் வாய் வராது. அழுது களைத்துப் போய் வந்தவர்கள் தலை நிறையத் தண்ணீர் கொட்டிக் குளித்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அவருக்குத் தோல்வியே இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ரிட்டயரான தாசில்தார் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு ஷவர் லைனில் அண்ணாச்சி ஒரு சின்ன மோட்டாரை மாட்டினார். தாசில்தார் கண்ணை மூடிக்கொண்டு அடியில் நிற்க, அண்ணாச்சி வெளியே சுவிட்சைத் தட்டினார். ஷவரின் தலை கழன்று எதிர்ச்சுவரில் மோதி, அங்கிருந்து திரும்பி சோப்பு டப்பாவை உடைத்தது. ஒரு மாவட்டமே எழுந்து நின்று மரியாதை செய்த மனிதர் இடுப்பில் துண்டோடு எங்கள் தெருவில் ஓடினார். அன்றோடு அண்ணாச்சி மோட்டாரைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்துவிட்டார். "தண்ணியத் தள்ளக் கூடாது, விழ விடணும்" என்று அதற்கு ஒரு தத்துவமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரை நான் இத்தனை காலம் எட்ட நின்று சிரித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். என் தோள் உடைந்த பிறகுதான் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

எம்.ரெட்டியபட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தேன். மறுகாலை வைப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. காது குத்தப்பட்ட குழந்தையைவிட நான்தான் அன்றைக்கு அதிகம் அழுதேன். கட்டுப் பிரித்த பிறகும் வலது கை தாடைக்கு மேலே தூக்க வரவில்லை. பயிற்சி செய்யுங்கள், மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். சோறு தின்னலாம், பேனா பிடிக்கலாம், சண்டை போடும்போது விரலை நீட்டலாம். தலைக்குக் குளிக்க மட்டும் முடியாது. இடது கையால் மோந்து ஊற்றினால், அதே இடது கைதான் மக்கைக் கீழே வைத்துவிட்டுத் தேய்க்கவும் வர வேண்டும். அதற்குள் சீயக்காய் கண்ணுக்குள் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு மக்கைத் தேடினால் அது வாளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

எனக்கு உதவிக்காகப் பரளச்சியிலிருந்து மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. தங்கமான மனுஷி. ஆனால் நிலம் நீச்சு, மாடு கன்று என்று ஆண்டு பழகியவர். என்னையும் அந்தக் கணக்கிலேயே குளிப்பாட்டினார். "திரும்பு" என்பார், திரும்ப வேண்டும். "குனி" என்பார், குனிய வேண்டும். முதுகில் ஒரு தட்டுத் தட்டி "ம், நகரு" என்பார். குளிப்பாட்டி முடித்ததும் வெளியே வந்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எங்க அன்னத்துக்கு இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல, தேடிப் பாத்துத்தான் தேய்க்க வேண்டியிருக்கு" என்று சுவருக்கு மேலாகச் சொல்வார். அன்னம் நான்தான்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவள், பேரன் எடுத்தவள், குளியலறையில் கூனிக் குறுகி உட்கார்ந்து இன்னொருவர் ஊற்றும் தண்ணீருக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நானாக, தனியாக, ஒரு தடவை தலைக்குக் குளிக்க வேண்டும்.

ஷவர் இருந்தால் முடியும். தண்ணீர் தானாக விழும், இருக்கிற ஒரு கையால் தேய்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் ஷவர் இருந்தது. புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தவர்களிடம் காட்டுவதற்காக மாட்டியது. திறந்தால் சொட்டும். அதைச் சரிசெய்யலாமா என்று கேட்டபோதெல்லாம் என் வீட்டுக்காரர், "ஏன், வாளி என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார். மானாவாரி நிலத்துக்காரர் பிள்ளை. பல் விளக்கிக் கொப்பளிப்பதைக்கூடச் செடியின் வேரைப் பார்த்துத்தான் துப்புவார்.

கடைசியில் நானே தெருமுனைக்குப் போனேன். அண்ணாச்சி பருத்திக்கொட்டை அளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மதினி குளிப்பாட்டும் அழகைச் சொல்லும்போது சிரிப்பாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் குரல் உடைந்துவிட்டது. அண்ணாச்சி படியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"நீங்க போங்க தங்கச்சி. பின்னாலேயே வாரேன்" என்றார்.

வந்தார். குளியலறையில் ஷவரைத் திறந்து உள்ளங்கையை ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டாக்டர் நாடி பார்க்கும்போதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

"இது ஷவரு இல்ல. சலதோசம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஷவரின் தலையைக் கழற்றினார். துளையெல்லாம் உப்பு. எங்கள் போர்த் தண்ணீரில் சுண்டல் வேகாது, அப்படி உப்பு. "பழம்புளி இருக்கா?" என்றார். ஒரு சட்டியில் புளியைக் கரைத்து, அதில் ஷவர் தலையைப் போட்டு, என் அடுப்பிலேயே ஏற்றிக் கொதிக்கவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போயிருந்த மதினி கொல்லை வழியாகத் திரும்பி அடுப்படிக்குள் நுழைந்ததை நான் கவனிக்கவில்லை. புளித்தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தவர், உடைந்த கையோடு பாவம் இவளே ரசம் வைக்கிறாளே என்று மனமிரங்கி, உப்புப் போட்டு, பெருங்காயம் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு, கரண்டியை விட்டுக் கலக்கியிருக்கிறார். கரண்டியில் கனமாக ஏதோ ஏறியது.

"ஏ அன்னம், இது என்னடி காயி? ஓட்டை ஓட்டையா இருக்கு?"

மாடியிலிருந்து இறங்கிவந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பெருங்காயம் போட்டீகளா தாயி? நல்ல காரியம். உள்ள வாயு கீயு பிடிச்சிருந்தா எடுத்துரும்."

ஷவர் தலை புது வெள்ளி மாதிரி வெளியே வந்தது. மாட்டித் திறந்தோம். எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. முன்பு சில துளைகளில் சொட்டிய தண்ணீர் இப்போது எல்லாத் துளைகளிலும் சொட்டியது. அவ்வளவுதான் முன்னேற்றம். ரச வாசனை வேறு.

என் முகம் விழுந்ததை அவர் பார்த்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி மாடிக்கு ஏறினார். சித்திரை மாதத்து மொட்டை மாடி. நாங்கள் படிக்கட்டு நிழலில் நிற்க, அவர் வெறுங்காலோடு சூட்டில் துள்ளித் துள்ளி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிளம்பிய பைப்பைப் பின்தொடர்ந்து நடந்தார். நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார், மறுபடி திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்திலும் "அடேயப்பா" என்றார். வீட்டை முழுதாகச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"மாப்ள" என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "தொட்டி இந்தா இருக்கு. பாத்ரூம் அந்தா இருக்கு. நேராப் போனா நாலு எட்டு. இந்தப் பைப்பு என்னடான்னா, பாலவனத்தம் போக வேண்டியவன் பரளச்சியச் சுத்திக்கிட்டு வந்த மாதிரி வந்திருக்கு. வழியெல்லாம் எல்போ. வந்து சேந்ததே பெரிய விசயம். அவங்கிட்டப் போயி வேகம் எங்கடான்னு கேட்டா, அவன் என்ன சொல்லுவான்?"

என் வீட்டுக்காரர் மதினியைப் பார்த்தார். மதினி தொலைவில் தெரிந்த சீமைக்கருவேல மரங்களைப் பார்த்தார்.

வீடு கட்டும்போது நடந்தது இது. தொட்டி கன்னிமூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொன்னார். அங்கே வைத்தோம். அங்கிருந்து குளியலறைக்கு நேராக பைப் போட்டால் அது சாமி அறைக்கு மேலே போகும். "சாமி தலைக்கு மேல பாத்ரூமு தண்ணி போறதா? வீடு வெளங்குமா?" என்று மதினி கொத்தனாரிடமிருந்து கரண்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதனால் பைப், சாமிக்கு அபசாரம் வராமல், வீட்டைப் பிரதட்சணமாக ஒரு சுற்றுச் சுற்றிக் குளியலறைக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இந்தப் பிரதட்சணம் உண்டு.

"நேரா மாத்திருவோம்" என்றார் அண்ணாச்சி.

"மாத்துனா நான் பரளச்சி பஸ்ஸு ஏறிருவேன்" என்றார் மதினி.

"தாயி, கோவப்படாம கேளுங்க. நம்ம திருச்சுழியில சாமி என்ன செஞ்சாரு? உலகத்தையே மூழ்கடிக்க வந்த வெள்ளத்த, ஒரே ஒரு சுழியில போட்டு உள்ள இறக்குனாரு. பிரளயத்துக்கே அசையாதவரு, ஒங்க முக்கா இஞ்சு பைப்புக்கா பயப்படப் போறாரு?"

நான் அசந்துபோனேன். என் வீட்டுக்காரர் கை தட்டவே போய்விட்டார். ஆனால் பரளச்சிக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறவர்கள் அல்ல.

"அப்ப அந்தச் சாமிகிட்டயே கேட்டுருவோம். பூப்போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா ஒங்க இஷ்டம். சிவப்பு வந்தா பைப்பத் தொடக் கூடாது."

பூப்போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மேல்முறையீடு இல்லாத கோர்ட்டு. வெள்ளை அரளியை ஒரு இலையிலும் சிவப்பு அரளியை ஒரு இலையிலும் வைத்து, ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி முன்னால் குலுக்கிப் போட்டோம். அண்ணாச்சி சட்டையைக் கழற்றிவிட்டு, ரிஞ்சைச் சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டார். பொட்டலத்தை என்னையே எடுக்கச் சொன்னார்கள். இடது கையால் எடுத்துக் கொடுத்தேன். மதினி பிரித்தார்.

சிவப்பு.

இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று அண்ணாச்சி வாதாடுவார் என எதிர்பார்த்தேன். குற்றாலத்துப் போலீஸுக்கே மசியாத மனிதர். அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"உத்தரவு ஆயிருச்சு. பைப்பத் தொட மாட்டேன்" என்று சொல்லி, ரிஞ்சை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்றைக்கு மதினி என்னைக் குளிப்பாட்டவில்லை. குளிக்க வருகிறாயா என்று கேட்கவும் அவருக்குத் தைரியம் இல்லை. ஜெயித்தவர் முகம் தோற்றவள் முகத்தைவிட வாடியிருந்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதில் ஒரு பெரிய நீல நிறப் பிளாஸ்டிக் டிரம். கூடவே பச்சை பெயிண்ட் உரிந்த இரும்புச் சட்டம் ஒன்று, நாலு காலோடு, ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே. வண்டியிலிருந்து அண்ணாச்சி குதித்தார்.

"மாப்ள, சாமி என்ன சொன்னாரு? அந்தப் பைப்பத் தொடாதன்னாரு. புதுசா ஒண்ணு வைக்காதன்னு சொல்லலயே!"

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

குளியலறை வீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. சாமி அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத திசை. அதற்கு நேர் மேலே, மொட்டை மாடியில், அந்த இரும்புச் சட்டத்தை நிறுத்தி, அதன் உச்சியில் டிரம்மை ஏற்றினார். போர் மோட்டாரிலிருந்து டிரம்முக்கு ஒரு குழாய். டிரம்மின் அடியிலிருந்து பெருவிரல் பருமனுக்கும் மேலான பைப் ஒன்று நெட்டுக்குத்தாக இறங்கி, வென்டிலேட்டர் வழியாக உள்ளே நுழைந்து, ஷவரின் கழுத்தைப் பிடித்தது. சுற்று இல்லை, வளைவு இல்லை. விழ வேண்டியது ஒன்றே தண்ணீரின் வேலை. இந்த வேலை முழுவதையும் அந்த வயதில் அவரே ஏணியில் ஏறி இறங்கிச் செய்தார். கீழே பிடித்துக்கொள்ள என் வீட்டுக்காரர், ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுக்க வண்டி டிரைவர். வெயிலில் அவர் முதுகு பளபளத்தது. ஏணியின் உச்சிப் படியில் நின்று, பல்லால் டேப்பைக் கிழித்து, ஒரு கையால் டிரம்மை அணைத்துக்கொண்டு மறுகையால் மரையைத் திருகினார். கோபுரத்தில் கலசம் ஏற்றுகிறவரைக்கூட நான் அப்படி அண்ணாந்து பார்த்ததில்லை.

"தண்ணி சும்மா ஓடித் தீந்துருமே அண்ணாச்சி?" என்று என் வீட்டுக்காரர் கீழிருந்து கவலைப்பட்டார்.

"டிரம்மு எவ்வளவோ அவ்வளவுதான் மாப்ள. அதுக்கு மேல ஒங்க சம்சாரம் நெனச்சாலும் ஒரு சொட்டு வராது. ஒங்க சிக்கனத்துக்கு நாந்தான் காவல். ஏணியப் பிடிங்க."

மதினி டிரம்முக்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். "புண்ணாக்கு வாடை அடிக்கே?"

"புது டிரம்மு தாயி! அது என் வாடை!" என்றார் அண்ணாச்சி. புது டிரம் என்று அவர் சத்தியமே செய்தாலும் நான் நம்பமாட்டேன். அன்றிலிருந்து எதிர்வீட்டுப் பசு என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தெருவில் போனால் கயிற்றை இழுத்துக்கொண்டு கிட்டே வருகிறது.

டிரம் நிறைந்தது. சீயக்காயைக் கிண்ணத்தில் குழைத்து எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்கு வந்தேன். மதினி துண்டோடு நின்றார்.

"நானும் உள்ள வரட்டா?" என்றார். எப்போதும் உத்தரவு போடுகிற குரல் அன்றைக்குக் கெஞ்சியது.

"வேண்டாம் மதினி."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை இடது கையால் தள்ளினேன். அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாடியிலிருந்து குரல் வந்தது. "தங்கச்சி! தாப்பா போட்டாச்சா?"

"போட்டாச்சு அண்ணாச்சி!"

"தலைய நேரா வச்சுக்கோங்க! வால்வத் தொறக்கேன்!"

முதலில் பைப் இருமியது. காற்று வந்தது. கொஞ்சம் கலங்கல் தண்ணீர் வந்தது. பிறகு விழுந்தது பாருங்கள்! தலையில், தோளில், முதுகில், நான் நிற்கிற இடம் முழுக்கத் தண்ணீர். ஊற்ற ஆள் வேண்டாம், குனிய வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மக்கைத் தேட வேண்டாம். ஒற்றைக் கையால் சீயக்காயைத் தலையில் அப்பித் தேய்த்தேன். நுரை வழிய வழியத் தண்ணீரே வந்து கழுவிக்கொண்டு போயிற்று. நிமிர்ந்து நின்று குளித்து எவ்வளவு காலம் ஆயிற்று! அழுதேன். அழுகிறேனா குளிக்கிறேனா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில் நன்றாகவே அழுதேன்.

வெளியே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "போதும்னு சொல்லட்டுமா?"

"ஏலே மாப்ள, வாயத் தொறந்தீக, ஏணியத் தூக்கிட்டு வந்துருவேன்!" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. மரியாதையும் மரியாதைக் குறைவும் ஒரே வாக்கியத்தில் அப்படிக் கலந்து வந்து நான் கேட்டதில்லை.

டிரம் தீர்ந்த பிறகுதான் வெளியே வந்தேன். அண்ணாச்சியைக் காணோம்.

"நீ வாரதுக்குள்ள பின்பக்க ஏணி வழியா இறங்கிப் போயிட்டாக" என்றார் மதினி. "தலை முழுகிட்டு வர்ற பொம்பளைக்கு எதுக்க நிக்கக் கூடாதாம். தண்ணி விழுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாக. துண்டால மூஞ்சியத் தொடச்சாக. போயிட்டாக."

சொல்லிவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தலை துவட்டினார். சிக்கெடுத்து வாரிவிட்டார். அதற்கு எனக்குக் கை தூக்க வராதே. "இதுக்காச்சும் நான் வேணுமில்ல?" என்று கேட்டார். வேண்டும் மதினி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் பாயசம் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கடை மொட்டையாக இருந்தது. கூரைக்கு மேலே பச்சைச் சட்டத்தில் உயரமாக நிற்குமே, பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரிகிற பெயர்ப்பலகை, அது இப்போது கீழே சுவரில் சாய்ந்து, பாதி எழுத்தைப் புண்ணாக்கு மூட்டை மறைக்க, உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியிருந்த இரும்புச் சட்டம் எங்கள் வீட்டு மாடியில் டிரம்மைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

தூக்குச்சட்டியை அவரிடம் நீட்டினேன். "ஏன் அண்ணாச்சி இப்படி?" என்று மட்டும் கேட்டேன்.

"எது, போர்டா?" என்றார். பாயசத்தை மூடி திறந்து மோந்து பார்த்தார். "புண்ணாக்கு வாங்க வாறவனுக்குப் போர்டு எதுக்கு தங்கச்சி? மூக்கு இருக்குல்ல? ஆமா, கை எப்படி இருக்கு? டாக்டரு சொன்னத ஒழுங்காச் செய்றீகளா?"

செய்கிறேன் என்றேன். கை இப்போது காதுவரைக்கும் வருகிறது. முழுதாகத் தூக்க வந்ததும் அந்தச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியோ வாங்கமாட்டேன் என்கிறார். நேற்று விருதுநகர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள் பேச்சுவாக்கில், "ஒங்களுக்குக் கூடப் பெறந்தவுக இருக்காகளா?" என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. ஆனாலும், "எனக்கு ஒரு அண்ணன் இருக்காக" என்று சொல்லிவிட்டேன்.